மெத்தைக் கடையில் சொன்ன எடை

பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றியபடி அந்தக் கடைக்காரத் தம்பி கேட்டான்: "அண்ணன் எத்தனை கிலோங்க? அக்கா எத்தனை கிலோங்க?" காந்திபுரத்தில் ஒரு மெத்தைக் கடையின் மாடி. இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. ஆனால் அவன் கையிலிருந்த அட்டையும், அதில் கட்டம் கட்டமாக அச்சடித்திருந்த எடைக் கணக்கும், உறை பிரிக்காத மெத்தைகளின் ரப்பர் வாசனையும், கீழே டவுன் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பிய சத்தமும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மெத்தை வாங்க வந்தவளிடம் எடையை எதற்குக் கேட்கிறான்? நான் என்ன அரிசி மூட்டையா? முகம் சுள்ளென்று சுட்டது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் வாத்தியாரம்மா. பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் குண்டு டீச்சர். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். கல்யாணத்தின்போது ஒல்லியாகத்தான் இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆல்பத்தை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. மகள் பிறந்த பிறகு தைராய்டு என்றார்கள், மாத்திரை என்றார்கள், நடங்கள் என்றார்கள். நடந்தேன். உடம்பு அதுபாட்டுக்கு ஏறியது. அவரோ அதற்கு நேர்மாறு. கணபதி ஏரியாவில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தார். தோட்டங்களில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களைக் கொண்டுவந்து போடுவார்கள். கருகிய கம்பியைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பார். மூன்று வேளையும் நன்றாகத்தான் சாப்பிடுவார், எங்கே போகிறதென்று தெரியாது. கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே தெரியும். நாங்கள் இரண்டு பேரும் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால், முதல் பத்து நிமிடம் ஒறம்பரைக் கூட்டத்துக்கு, சொந்தபந்தம் அத்தனைக்கும், வேறு பேச்சே தேவைப்படாது.

எங்கள் பக்கத்தில் கட்டிலும் மெத்தையும் பெண் வீட்டுச் சீர். என் அப்பா அன்னூரில் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்து அனுப்பிய மெத்தை பன்னிரண்டு வருடம் உழைத்தது. கடைசியில் பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டு, நான் படுக்கும் பக்கம் தொட்டி மாதிரி குழிந்துவிட்டது. புதுசு வாங்கலாம் என்று அவர்தான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவருடைய அக்கா வந்திருந்தார். "நானும் வாரேன், தலகாணி ரெண்டு எடுக்கோணும்" என்று கிளம்பிவிட்டார். என் நாத்தனார் கெட்டவர் என்று சொன்னால் எனக்குப் பாவம். எனக்குப் பிரசவம் பார்த்தவர், காய்ச்சல் என்றால் பஸ் ஏறி வந்து கஞ்சி வைத்தவர். ஆனால் வாய் இருக்கிறதே, அட கெரகமே! பந்தியில் உட்காரப் போகும்போது "அம்மிணிக்கு அந்தக் கட்ட சேரு தாங்காது, இரும்புச் சேரு போடுங்க" என்று நூறு பேருக்கு நடுவில் அக்கறையாகச் சொல்வார். நான் சிரித்துக்கொண்டே உட்காருவேன். சாப்பாடு இறங்காது.

மெத்தைக் கடையில் நம் ஆட்கள் மெத்தை பார்க்கும் முறை ஒன்று உண்டு. இன்றைக்கும் போய்ப் பாருங்கள், அதே கதைதான். ஆண்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் மல்லாந்து படுப்பார். பெண்பிள்ளை கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்ப்பாள், மிஞ்சிப்போனால் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பார்ப்பாள். நாலு பேர் பார்க்கக் கட்டியவரோடு போய்ச் சேர்ந்து படுப்பதா? சீச்சீ! ஆக, இரண்டு பேர் சேர்ந்து படுக்கப்போகிற மெத்தையை ஒரு ஆள் படுத்துப் பார்த்து முடிவுசெய்து வண்டியில் ஏற்றி வருகிறோம். அன்றும் அப்படித்தான். அவர் காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, நெஞ்சின்மேல் கையைக் கோத்துக்கொண்டு படுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். மிருதுவான மெத்தை, ரோஜாப் பூப்போட்ட துணி. நான் கையால் அமுக்கினேன். "அக்கா, நீங்களும் சித்த படுத்துப் பாருங்க" என்றான் அந்தத் தம்பி. "அதெல்லாம் வேண்டாங்க" என்று இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

அப்போதுதான் அவன் அட்டையை எடுத்தான். வேலையில் அக்கறை உள்ள பையன், குறை சொல்ல முடியாது. "ரெண்டு பேருக்கும் எடை ரொம்ப வித்தியாசம் இருந்தா இந்த மெத்தை ஆகாதுங்க. எடை எச்சா இருக்கறவங்க பக்கம் பள்ளம் உழும். எடை கம்மியா இருக்கறவங்க உருண்டு அங்கயே வந்துருவாங்க. அப்பறம் இடுப்பு வலி, கழுத்து வலி. அப்படீன்னா நல்ல கட்டியான மெத்தையாப் போட்டுக்கோணும்" என்று விளக்கினான். "உருண்டு வந்துருவாங்க" என்று அவன் சொன்னதும் என் நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. என் வீட்டுக்காரர் "நான் அம்பத்துநாலு" என்றார். தம்பி எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தான். முந்தின மாதம்தான் டாக்டர் வீட்டு மெஷினில் ஏறியிருந்தேன். முள் தொண்ணூற்றிரண்டில் நின்றது. உலகத்தில் அது எனக்கும் அந்த டாக்டரம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். "அறுபத்தெட்டு" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார், வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அட்டையில் அறுபத்தெட்டுக்கும் ஐம்பத்துநாலுக்கும் அந்த ரோஜாப்பூ மெத்தை தாராளமாகப் போதும் என்றிருந்தது. அதையே வாங்கினோம்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, அட்டை சொன்னது அப்படியே நடந்தது. என் பக்கம் அமுங்கியது. அவர் பக்கம் சரிவு. நான் படுத்ததும் தூங்கிவிடுகிற பிறவி, எனக்கு ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்து பார்த்தால் அவர் கட்டிலின் விளிம்பில், சட்டத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு, ஓடுகிற லாரியில் தொற்றியிருக்கும் ஆள் போலப் படுத்திருப்பார். உள்ளங்கையில் சட்டத்தின் கோடு பதிந்திருக்கும். கேட்டால், "பட்டறையில கம்பி இழுத்தது" என்பார். காபி டம்ளரை வாங்க நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார். கேட்டால், "பெரிய மோட்டாரு ஒன்னு தூக்கினேன்" என்பார். அப்புறம் ஒருநாள் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். "இங்க ஃபேன் காத்து மூஞ்சியிலயே அடிக்குது அம்மிணி, சளி புடிக்குது" என்றார். சரி, நாலு நாள் என்று நினைத்தேன். நாலு மாதம் ஆயிற்று.

அந்த நாலு மாதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கட்டிய புருஷன் கட்டிலை விட்டு இறங்கிப் போய்த் தரையில் படுக்கிறான் என்றால் ஒரு பெண்பிள்ளை என்ன நினைப்பாள்? என் உடம்பு அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கண்ணாடி முன்னால் நிற்பதை விட்டேன். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். கொள்ளுத் தண்ணீராகக் குடித்தேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, கோபம்தான் இருபது கிலோ ஏறியது. பருப்பில் உப்பு கம்மி என்று அவர் சொன்னால் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். வகுப்பில் பிள்ளைகள் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நோட்டை வீசினேன். அவரிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? எங்கள் ஊர்ப் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' உண்டு. அந்த மரியாதையிலேயே இரண்டு பேரும் ஒளிந்துகொண்டோம். "சாப்பிட வாங்க", "வாரேன்", "போயிட்டு வாங்க", "செரி". வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு எவ்வளவு ஒற்றுமையான குடும்பம்! ஒருநாள் காலையில் நேரத்திலேயே வந்த நாத்தனார் ஹாலில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்துவிட்டார். "ஏனம்மிணி, சண்டையா?" என்றார். முதல் தடவையாக அவர் குரலில் கேலி இல்லை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டு அழுதேன்.

முழுப் பரீட்சை லீவில் அன்னூரில் அப்பா வீட்டுக்கு, மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் போனேன். மகளையும் கூட்டிக்கொண்டேன். பத்து நாள் என்று சொல்லிவிட்டுப் போனேனே ஒழிய, திரும்பி வருவதா என்ற யோசனையும் மனதின் ஓரத்தில் இருந்தது. அதை இன்றுதான் முதல் தடவையாக வெளியே சொல்கிறேன். ஆனால் பதினோராம் நாள் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஹாலில் பாயைக் காணோம். அவர் கட்டிலில் படுத்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "ஃபேனை சரி பண்ணிட்டேன்" என்றார். நான் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அன்றிலிருந்து கட்டிலில்தான் படுத்தார், சட்டத்தையும் பிடித்துக்கொள்ளவில்லை. எனக்குச் சந்தேகம்தான் வந்தது. நானில்லாத பத்து நாளில் மனுஷனுக்கு எப்படித் திடீரென்று மனம் மாறும்?

அந்த வாரக் கடைசியில் விரிப்புத் துவைக்க மெத்தையைத் தூக்கினேன். அடியில் ஒரு பலகை. முழுக் கட்டிலுக்கும் இல்லை, பள்ளம் விழுந்த பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, நான் படுக்கும் பாதிக்கு மட்டும். நல்ல கனமான பிளைவுட். விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெத்தைத் துணி கிழிந்துவிடாமல் இருக்க, மோட்டார் காயிலுக்குச் சுற்றுகிற வெள்ளைப் பருத்தி நாடாவைச் சுற்றிலும் நெருக்கமாகச் சுற்றியிருந்தார். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. பலகையின் மூலையில், பட்டறையில் எதைச் செய்தாலும் எழுதுகிற மாதிரி, பென்சிலால் அளவு எழுதியிருந்தார். நீளம், அகலம், கனம். அதற்குக் கீழே இரண்டு எண்கள். ஒன்று ஐம்பத்துநாலு. இன்னொன்று தொண்ணூற்றிரண்டு.

கட்டில் சட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மாவின் மெஷினில் நான் ஏறியபோது அவர் வெளியே மொபெட்டோடு நின்றிருந்தார். உள்ளேயே வரவில்லை. ஆனால் யாரிடம் மறைக்கப் பார்த்தேன்! தாமிரக் கம்பிக் கட்டைக் கையில் வாங்கிய உடனேயே, "மூணு கிலோ எறநூறு, நீ மூணரைன்னு பில்லு போட்டிருக்கற" என்று கம்பிக்காரரிடம் சொல்லி, தராசில் வைத்துக் காட்டுகிற மனுஷனிடம். பன்னிரண்டு வருடமாகத் தினமும் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுகிற மனுஷனிடம். வெட்கம், கோபம், எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பலகையை உருவி எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, அவர் மத்தியானச் சோற்றுக்கு வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

வந்தார். பார்த்தார். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, இது என்னங்க?"

"பலகை."

"பலகைன்னு எனக்குத் தெரியாதுங்களா? இந்த நம்பரு என்னங்க?"

"அளவு எழுதாம எப்படி அறுக்கறது? கனம் பத்தலீன்னா வளைஞ்சுபோயிரும்."

"தெரிஞ்சுட்டேதான் இருந்தீங்களா? அப்ப அன்னிக்குக் கடையிலயே சொல்லிப்போட்டிருக்கலாமுல்லீங்க?"

அவர் தட்டை நேராக்கி வைத்தார். "அக்கா நின்னுட்டு இருந்துச்சு" என்றார். பிறகு, "நீ அறுபத்தெட்டுன்னு சொல்லிப்போட்டே. அதுக்கு மேல நான் என்னத்தப் பேசறது?" என்றார்.

எனக்கு அடக்க முடியவில்லை. "நாலு மாசம் கீழ போய்ப் படுத்தீங்களே! எம்மேல அருவருப்புன்னுதானே நான் வெந்து செத்தேன்" என்று கத்திவிட்டேன். அந்த மனுஷன் அப்படித் திடுக்கிட்டு நான் பார்த்ததில்லை. கரண்ட் அடித்த மாதிரி எழுந்துவிட்டார். "கிறுக்குப் புடிச்சுருச்சா உனக்கு? நான் உருண்டு வந்து உம்மேல உழுந்தா நீ முழிச்சுக்குவ. மெத்தை எதனால பள்ளமாச்சுன்னு யோசிப்ப. யோசிச்சா நீ வெசனப்படுவன்னுதான் கீழ போனேன்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். அப்புறம் ரசம் ஊற்றினேன். பலகையை அவரே கொண்டுபோய் மறுபடி வைத்தார்.

இத்தனைக்கும் பிறகு நான் அவரைக் கொண்டாடிக்கொண்டே குடித்தனம் நடத்தினேன் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போட்டோம், எல்லோரும் போடுகிற சண்டைதான். பேச வேண்டியதைப் பேசாமல் விழுங்குகிற அவர் குணத்தை நான் இன்றும் திட்டுகிறேன். அன்றைக்குக் கடை மாடியிலிருந்து இறங்கும்போதே என் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால், நாலு மாதம் மிச்சமாகியிருக்கும். ஆனால் ஒன்று. அன்றிலிருந்து இரும்புச் சேரு கொண்டுவந்து போட்டால், "ஆமாங்க, அதையே போடுங்க" என்று உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கத் தொடங்கினேன். நாத்தனாருக்கே அப்புறம் அந்தப் பேச்சில் ருசி போய்விட்டது.

இப்போது எங்களுக்கு வயதாகிவிட்டது. மகள் கல்யாணமாகிப் பொள்ளாச்சியில் இருக்கிறாள். போன வருடம் அவருக்கு வயிற்றில் ஒரு பெரிய ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வந்தார். ஆனால் இருந்த கொஞ்ச சதையையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தார். மாதம் ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே மெஷினில் ஏறும்போது, வாழ்நாள் முழுக்க எடையோடும் அளவோடும் பிழைத்த மனுஷன், தலையைத் திருப்பிச் சுவரிலிருக்கும் காலண்டரைப் பார்க்கிறார். நர்ஸ் சொல்ல வாயெடுத்தால், "எழுதிக்கம்மா, எழுதிக்க" என்று இறங்கிவிடுகிறார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொள்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது நாற்பத்தாறு. கட்டிலில் திரும்பிப் படுக்கும்போது இடுப்பெலும்பு உறுத்தி முகத்தைச் சுளிக்கிறார். கேட்டால், ஒன்றும் இல்லை. அவருக்கு மெத்தென்று இருக்க வேண்டும், எனக்குக் கட்டியாக இருக்க வேண்டும். இப்போது அதற்கென்றே ஒரே மெத்தையில் இரண்டு பக்கமும் வேறுவேறாகச் செய்து தருகிறார்களாம். மகள் போனில் சொன்னாள். போன மாதம் இரண்டு பேரும் கிளம்பிப் போனோம்.

கடை வேறு, கண்ணாடி போட்ட பெரிய கடை. கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். "ரெண்டு பேரோட எடையும் சொல்லுங்க மேடம்" என்றாள். நான் "தொண்ணூத்தஞ்சு" என்றேன். வகுப்பில் பாடம் சொல்கிற குரல் எனக்கு. தலையணை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். "சார் எவ்வளவுங்க?" என்றாள். சிரிப்பு நின்றது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "அம்பத்தெட்டு" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். நல்ல உடம்போடு இருந்த காலத்தில்கூட அவர் ஐம்பத்தெட்டைத் தொட்டதில்லை. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தோளிலிருந்து தொங்கும் சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆமா கண்ணு, அம்பத்தெட்டுதான்" என்றேன். அவள் குறித்துக்கொண்டாள். மாதிரி மெத்தையில் இரண்டு பேரையும் படுத்துப் பார்க்கச் சொன்னாள். கைப்பையை அவளிடமே கொடுத்துவிட்டு நான் முதலில் ஏறிப் படுத்தேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே என் பக்கத்தில் படுத்தார். என்னைப் பார்த்து ஒருக்களித்தபோது இடுப்பு உறுத்தியிருக்க வேண்டும், கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். "எப்படி சார் இருக்குது?" என்றாள். "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

எழுந்ததும் பட்டறையிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் போனார். நான் அந்தப் பெண்ணிடம் நெருங்கினேன். "கண்ணு, அவருக்கு நாப்பத்தாறு. இந்தப் பக்கம் அவருக்கு உறுத்துது. அதுக்குத் தகுந்தாப்ல இன்னும் மெத்துனு போட்டுக் குடு" என்றேன்.

"செய்யலாமுங்க மேடம். ஆனா ஆர்டர் சீட்டுல ரெண்டு எடையும் அச்சாகி வருமுங்க. சாருதான் பாத்துக் கையெழுத்துப் போடோணும்" என்றாள்.

"அப்ப சீட்டுல அம்பத்தெட்டுன்னே இருக்கட்டும் சாமி. மெத்தையை நாப்பத்தாறுக்கு அனுப்பு."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தக் காகிதத்தையும் படிப்பதுபோலச் சீட்டை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஐம்பத்தெட்டு என்று இருந்த இடத்தில் அவர் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.